ஜெர்சன் கேட்ட அறுநூறு கேலன்

நாசரேத்துக் கிருபாநிதிக்கு உடன்பிறந்தவள் ஒரே தங்கச்சி, ஜெபகனி. அவளைக் கட்டிய ஜெர்சன் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தண்டல். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணிக்கு அவன்தான் தலைவன். கிருபாநிதிக்குத் தண்ணீர் லாரி. முப்பது வருஷமாக அந்தத் தோணிகளுக்கெல்லாம் குடிதண்ணீர் ஏற்றியவர்.

தோணிக்காரர்கள் இன்றைக்கும் கேலனில்தான் கேட்பார்கள். லாரி மீட்டரோ லிட்டரில் ஓடும். கேலனுக்கு நாலரை லிட்டர் என்று பெருக்கி ஊற்றுவார் கிருபாநிதி. வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவு அது.

மாசி மாதம் ஓர் அமெரிக்கக் கப்பலுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனார். அங்கே ஒருத்தன் கேலனுக்கு மூன்றேமுக்கால் லிட்டர்தான் என்று எழுதிக் காட்டினான். அவர்கள் கேலன் சின்னது, நம்ம தோணிக் கேலன் பெரியது என்று சொல்ல அங்கே ஆளில்லை. 'அட, இத்தனை வருஷமும் கூடுதலாக ஊற்றிவிட்டோமே' என்று எண்ணிக்கொண்டார் மனுஷன்.

மறுவாரம் ஜெர்சன் அறுநூறு கேலன் கேட்டான். புதுக்கணக்கில் நானூற்றைம்பது லிட்டர் குறைந்தது.

"மச்சான், தொட்டியில தண்ணி மட்டம் கீழ நிக்கே?"

"மாப்ள, நீரு கடலப் பாரும், கணக்க நான் பாக்கேன். அறுநூறு அச்சுப் பிசகாம இருக்கு."

"அதுவும் சரிதான். பொண்ணு குடுத்தவரு தண்ணியிலயா கை வைக்கப் போறீரு!" என்று சிரித்தான் ஜெர்சன்.

நடுக்கடலில் இயந்திரம் நின்றது. வயர்லெஸும் செத்தது. எட்டுப் பேர், இருபது நாள் கடலில். பதினேழாம் நாளே தொட்டி வறண்டது. இருபதாம் நாள் ஒரு கப்பல் கண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு தோணியையும் இழுத்துவந்தது. உயிர் தப்பிவிட்டார்கள்.

தோணி முதலாளி சங்கரபாண்டியன் சரக்குக் கிட்டங்கியில் எல்லாரையும் கூட்டிவைத்து விசாரித்தார். "அறுநூறு கேலன் எட்டுப் பேருக்கு இருபது நாளைக்குத் தாராளமாக் காணும்லா? குளிக்க விட்டியோ தண்டலு?"

ஜெர்சன் பக்கத்தில் இருந்த மச்சானைப் பார்த்தான். அதற்குள் தோணிக்காரர்கள் பேச்சில் கேலன் கணக்கு கிருபாநிதிக்கு விளங்கிப்போயிருந்தது. ஆனாலும் தரையைப் பார்த்தபடி இருந்தார். ஜெர்சனிடமிருந்து தோணி போயிற்று. கூட வந்த ஏழு பேரும் அவனோடு கடலுக்குப் போகமாட்டோம் என்றார்கள்.

எட்டு மாதம் கிருபாநிதிக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் தங்கச்சி வீட்டுக்குப் போய், "மாப்ள, தப்பு எம் பேர்ல. கொறச்சு ஊத்துனது நான்தான்" என்றார்.

ஜெர்சன் இப்போது மீன்வலைக் கடையில் கூலிக்கு நிற்கிறவன். அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"தொட்டி வறண்ட அன்னைக்கே தெரியும் மச்சான். நான் சொன்னா, தண்டலு பழிய மச்சினன் தலையில போடுதான்னு சொல்லுவாக. நீரா சொல்லுவீருன்னு இருந்தேன்."

"நாளைக்கே முதலாளிகிட்ட சொல்லுதேன்."

"அவரு தோணிய வித்துட்டு சென்னைக்குப் போய் ஆறு மாசமாச்சு."

ஜெபகனி உள்ளேயிருந்து எல்லாம் கேட்டாள். அண்ணனை ஒருவாய் சாப்பிடச் சொல்லி அவள் வெளியே வரவில்லை.