மலைப்பாம்பின் கால்கள்

விரல்கள் ஒரு முள்ளெலும்பை எடுத்து, ஊதிப் பார்த்து, செம்புக் கம்பியில் கோத்தன. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றின் முன்பக்கக் குழியிலும் முந்தையதன் பின்பக்க உருண்டை போய் உட்கார்ந்தபோது, மழைத்துளி ஓட்டில் விழுவது போல மெல்லிய சத்தம் வந்தது. முந்நூற்றுப் பதினான்காவது எலும்போடு வால் முடிந்தது. ராமாமணி நிமிர்ந்து இடுப்பை நீவிக்கொண்டாள்.

சிங்காநல்லூர் பம்பு கம்பெனியில் இருபது வருடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிய கைகள் அவை. கம்பெனியை மூடியபிறகு ஒரு கல்லூரியின் விலங்கியல் துறைக்கு உதவியாளாக வந்தாள். அங்கே பிய்ந்து கிடந்த கோழி எலும்புக்கூட்டை யாரும் கேட்காமலே கோத்து நிறுத்தினாள். பிறகு தவளை, பழந்தின்னி வௌவால், கெண்டை மீன். கோக்கக் கோக்க ஒன்று பிடிபட்டது. கோழி இறக்கையிலும் வௌவால் இறக்கையிலும் மேலே ஒற்றை எலும்பு, கீழே இரண்டு, அதற்கப்புறம் விரல்கள். தவளையில் அந்த இரண்டும் ஒட்டிப்போயிருந்தன, அவ்வளவுதான். தன் கையைத் தடவிப் பார்த்தாள். அதே கணக்கு.

மலைப்பாம்பு சாலையில் அடிபட்டது. வனத்துறை அனுமதியோடு வந்தது. திங்கட்கிழமை திறக்கவிருந்த புதிய காட்சி அறையில், ‘அமைத்தவர்: ராமாமணி’ என்ற பெயர்ப்பலகையோடு அது நிற்க வேண்டும். அவள் பெயர் எழுதப்படுவது இதுவே முதல்முறை.

சனிக்கிழமை மதியம் பேராசிரியை பிரத்யுஷா வந்தாள். வாலின் தொடக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“ஏனுங்க அக்கா, காலு எங்கீங்க?”

“ஆருக்குங்க மேடம்?”

“பாம்புக்குத்தானுங்க.”

“மத்தியானம் சாப்ட்டுப்போட்டுத்தான வந்தீங்க?” ராமாமணி சிரித்தாள்.

பிரத்யுஷா சிரிக்கவில்லை. “பல்லியாட்ட நடந்துட்டிருந்த வம்சமுங்க இது. மலைப்பாம்புக்கு அந்தக் காலு கொஞ்சம் மிச்சமிருக்கும். பக்கத்துக்கு ஒரு துளி தொடையெலும்பு. முதுகெலும்போட எங்கயும் ஒட்டாம, சும்மா சதையில கெடக்கும். அதைக் காட்டறதுக்குத்தானுங்க இந்தப் பாம்பையே கேட்டு வாங்குனேன்.”

ராமாமணியின் முகம் மாறியது. அந்த இரண்டு துண்டுகளை அவள் பார்த்திருந்தாள். பம்பு கம்பெனியின் காயில் பிரிவில், எதனோடும் சேராத கம்பித் துண்டு கழிவு. அதே வழக்கத்தில், எதனோடும் சேராத அந்த இரண்டையும் பாம்பு விழுங்கியிருந்த முயலுடையது என்று முடிவுகட்டி, முயல் எலும்பு டப்பாவில் போட்டுவிட்டாள். அதில் அதே அளவில் நூற்றுக்கணக்கான துண்டுகள்.

“நம்மகிட்ட பிசின் இருக்குதுங்க, ரெண்டு செஞ்சு வெச்சிரலாம்,” என்றாள் பிரத்யுஷா. “ஆருக்கும் தெரியாது.”

“எம் பேரப் போட்டுப் பொய்க் காலு வெக்கறதுங்களா? வேண்டாமுங்க மேடம். நாளைக்கு ஒரு நாள் குடுங்க. கெடைக்கலீன்னா பேர்ப் பலகையக் கழட்டிப்போடுங்க.”

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்குப் போனாள். வழியில் குளத்தின் மேல் சாயங்கால வெயில் படுத்திருந்தது. கூழைக்கடா ஒன்று இறக்கையை விரித்தது. அவளுக்கு அதன் உள்ளேயிருந்த கை தெரிந்தது. எந்தக் காலத்திலோ தண்ணீரிலிருந்து ஏதோ ஒரு மீன் துடுப்பை ஊன்றிச் சேற்றில் ஏறியது. அதன் பிள்ளைகளின் பிள்ளைகள் நடந்தன, சில பறந்தன, சில புல்லுக்குள் நுழைந்து, கால்களை ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டன. முன்னால் நின்றவர்களின் முதுகுகளில் முள்ளெலும்புகள் வரிசையாக அசைந்தன. எல்லாரும் ஒரே கம்பியில் கோத்தவர்கள் போலிருந்தது. நடத்துநர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைத் துண்டை விரித்து எலும்புகளைக் கொட்டினாள். பார்வைக்கு எல்லாம் ஒன்றாகவே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டாள். கம்பியின் பூச்சில் கீறல் இருக்கிறதா என்று விரலிடுக்கில் ஓட்டிப் பார்ப்பது போல ஒவ்வொன்றாக உருட்டினாள். முயலின் எலும்புகள் சொரசொரத்தன. பாம்பின் வயிற்று அமிலம் அவற்றை அரித்திருந்தது. பாம்பின் சொந்த எலும்பை அது தொட்டிருக்காது.

உச்சிவேளையில் ஒன்று வழுவழுப்பாக விரலில் நின்றது. அதை வாயோரம் வைத்து ஊதினாள். இன்னொன்று கிடைத்தபோது காபி வைக்கும் நேரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இடம் வலமாக, ஒரே அச்சு.

திங்கட்கிழமை கல்லூரி திறக்குமுன்னே போய், முடியளவு கம்பியில், முதுகெலும்பைத் தொடாமல் இரண்டையும் அதனதன் இடத்தில் தொங்கவிட்டாள். பிரத்யுஷா வந்து குனிந்தாள். கைப்பைக்குள்ளிருந்து உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தாள்.

“இதுதானுங்க அக்கா.”

“நீங்க சொல்லலீன்னா நொண்டிப் பாம்பா நிக்கவெச்சிருப்பனுங்க.”

பாம்பைச் சுருளாக ஏற்றியிருந்த பலகையின் ஒரு முனையை ராமாமணி தூக்கினாள், மறுமுனையைப் பிரத்யுஷா. நடந்தபோது விலாவெலும்புகள் மெல்ல அலைந்தன. காட்சி அறை வாசலில், “பாத்துப் புடிங்க மேடம், காலு ஆடுது,” என்று சொல்லி, கதவைத் திறக்கத் தன் முனையையும் அவள் கைகளில் விட்டாள்.