செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்துக் கணக்கு

மது, அவள் தம்பி கதிர்... என் பிள்ளைகளே, இந்த வாரம் அப்பா உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்ற பிள்ளைகளும் கூட உட்கார்ந்து கேட்கலாம். இந்த முறை குட்டு வாங்கப்போவது நான்தான்!

மற்ற பிள்ளைகளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். என் மகள் மது பத்தாம் வகுப்பு. காலாண்டில் கணக்குக்கு இருபத்தாறு மார்க். அரையாண்டிலும் இப்படியே போனால் பதினொன்றில் அறிவியல் பிரிவை மறந்துவிட வேண்டியதுதான் என்று டீச்சர் சொல்லிவிட்டார். மதுவுக்கோ நர்ஸ் ஆக வேண்டும்.

புத்தகம் இங்கிலீஷில். அவளுக்கு விளக்கம் தமிழில் வேண்டும். எட்டாவது தாண்டாத லாரி டிரைவர் நான் என்ன செய்வேன்? போனில் தேடினேன் - 'பத்தாம் வகுப்பு கணக்கு, தமிழில்'. ஒரு சார் வந்தார். அடடா, என்ன விளக்கம்! இவரை விடாதே என்று மகளிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் பார்த்தாள். அதில் அணிகள் என்று ஒரு பாடம். எண்களை வரிசையாகக் கட்டத்துக்குள் நிறுத்திவைத்துப் போடுகிற கணக்கு. நோட்டு நிறையப் போட்டு, பெருமையாக டீச்சரிடம் காட்டினாள்.

"நல்லாத்தாம்மா போட்டிருக்க. ஆனா இது நம்ம புக்லயே இல்லையே."

இது காரைக்கால் அப்பாக்களுக்கே உரிய தப்பு. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது; நம் அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். போனில் வந்த சார் அந்தப் பக்கத்துக்காரர். நானோ கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு தினமும் அந்த செக்போஸ்ட்டைத் தாண்டுகிறவன். போனுக்குள் மட்டும் அது என் கண்ணில் படவில்லை!

அரையாண்டுக்குப் பன்னிரண்டே நாள். எனக்குக் கோபம். யார் மேல் காட்டுவது? போன் மேல்தான். இனி புத்தகம் மட்டும் போதும், போனை இங்கே கொடு என்று கையை நீட்டினேன்.

மது கொடுக்கவில்லை.

"போன் என்னப்பா பண்ணுச்சு? நீங்க அட்ரஸ் பாக்காம லோடு எறக்கிட்டீங்க. அவ்ளோதான்."

அடுப்படியிலிருந்து அவள் அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது.

பிறகு அவள் செய்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். தன் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பாடத்துக்கும் சரியான வீடியோவைத் தேடி, நோட்டில் குறித்து, வகுப்பு குரூப்பிலும் போட்டாள். அவள் தோழிகளிலும் மூன்று பேர் அதே அணிகளைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்களாம்!

வீடியோ பார்ப்பது என்றால் வாயைப் பிளந்து பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இவள் ஒரு வரி கேட்பாள்... நிறுத்துவாள். தானே போட்டுப் பார்ப்பாள். வரவில்லையா? பின்னால் தள்ளி மறுபடி கேட்பாள். ஒரே இடத்தை ஆறு தடவை! வீடியோவில் இருந்த புது சார் முகம் சுளிக்கவே இல்லை.

எட்டாம் வகுப்பில் நான் ஒரு சந்தேகத்தை இரண்டாவது தடவை கேட்டேன். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் எப்படி பிளஸ் வரும்? காது கேட்கவில்லையா என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. அதோடு கேட்பதை விட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தையும்.

போனில் தேவையில்லாததும் கொட்டிக் கிடக்கிறது, தெரியும். ஆனால் பயப்படாமல் ஆறாவது தடவை கேட்க முடிகிறதே... அது சின்ன விஷயமா?

அரையாண்டில் மது அறுபத்தொன்று. அந்த அணிகளும் வீண் போகவில்லை. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் நாகூரில் இருக்கும் என் தங்கை மகள் ரேவதிக்கு அந்தப் பாடம் உண்டு. வீடியோ காலில் மதுதான் சொல்லிக்கொடுத்தாள்.

"புரியலன்னா திரும்பக் கேளுடி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மறுநாள் துறைமுக வாசலில் நீண்ட லாரி வரிசை. கேபினில் நான் மட்டும். போனை எடுத்து 'மைனஸ் பெருக்கல் மைனஸ்' என்று தேடினேன். ஓர் அம்மா சொல்லிக்கொடுத்தார். புரியவில்லை. பின்னால் தள்ளினேன். மறுபடியும் தள்ளினேன். நாலாவது தடவை ஏதோ பிடிபடுகிற மாதிரி இருந்தபோது முன்னால் நின்ற லாரி நகர்ந்துவிட்டது. பின்னால் ஒரே ஹாரன்.

கையை வெளியே நீட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டிவிட்டு... ஐந்தாவது தடவை கேட்டேன்.