நான் உயிர்ப்பிச்சை போட்ட கரிமீன்

மட்டாஞ்சேரியிலிருந்து இன்று நானும் கணவரும் ஒரு காயலோரக் கிராமத்துக்குப் போனோம். அங்கே ஒரு மீன்பண்ணையில் தூண்டில் தருகிறார்கள். நமக்குச் சிக்குகிற மீனைப் பொரித்துத் தருவார்கள். எதுவும் சிக்காவிட்டால் சோறும் மோரும்தான்.

"எல்லாம் ஏமாற்று வேலை" என்று சொல்லிக்கொண்டே தூண்டிலைப் போட்டேன். உடனே ஒரு கரிமீன் சிக்கியது.

கையில் துடித்தபடி அது என்னையே பார்த்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்குக் கருணை பொங்கிவிட்டது. திரும்பத் தண்ணீரில் விட்டேன்.

"அய்யோ, என் சாப்பாடு!" என்றார் கணவர்.

"அதுவும் ஓர் உயிர்தானே" என்றேன், முதுகலை படித்த குரலில்.

பண்ணைக்காரச் சேட்டன் சிரித்தார். "வாயோரம் கிழிஞ்சிருந்ததா சேச்சி? அவன் நம்ம பழைய ஆளு. இரையைத் தின்னுட்டு உங்களை மாதிரி ஆளுங்க முகத்தைப் பார்ப்பான். எல்லாரும் விட்டுருவாங்க."

மோர்ச்சோறு வந்தது. பக்கத்து மேசைப் பெண்மணி எங்கள் தட்டைப் பார்த்துவிட்டு, "கரிமீன் ஒரு துண்டு தரட்டா சேச்சி?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

இரண்டு துண்டு சாப்பிட்டேன். கணவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

உங்களில் யாருக்காவது கருணை மதியச் சாப்பாட்டைத் தாண்டி நீடித்ததுண்டா?