அரக்கு பூசிய குழாய்

பிள்ளையார்பாளையத்துத் திருஞானசம்பந்தம் தறியை விட்டு வயரிங் வேலைக்கு வந்தவர். மின்சாரக் கம்பெனி ஆட்களின் பின்னால் திரிந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். ஊருக்கு மின்சாரம் வந்த புதிதில் விளக்குப் போட அவரைத்தான் கூப்பிட்டார்கள். பிறகு சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஆராவமுதன் ஐயங்கார் என்ற இன்னொரு வயர்மேன் கிளம்பினார். அவர் போட்ட வயர்கள் பாவு நூல் போல நேராக ஓடின. அதைப் பார்த்த நாள் முதல் சம்பந்தத்துக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டு வியாபாரி கமலாட்சியம்மாளுக்கு எதிரெதிரே இரண்டு வீடுகள். ஆளுக்கு ஒன்றாக வயரிங் போடக் கொடுத்தாள்.

"இன்ஸ்பெக்டரு கொற சொல்லாத வேலை எதுவோ, அந்த ஆளுக்குத்தான் நம்ம தறிக்கூடத்து வயரிங். ரெண்டுமே சரின்னா, எது லட்சணமா இருக்குதோ அதுக்கு."

அதன் பிறகு சம்பந்தம் ஏதாவது சாக்கு வைத்து எதிர்வீட்டுக்குப் போய்விடுவார். குறை தேடுவார், கிடைக்காது, முகம் கறுத்துத் திரும்புவார். கமலாட்சியம்மாள் சும்மா இருப்பாளா?

"ஏன்பா சம்பந்தம், இன்னா அங்கயே பாத்துக்கினு நிக்கிற? ஐயங்காரு வேல சேலைக் கரை மாதிரி இருக்குது. உன்னுது பிசிறு தொங்குதே!"

அது நெஞ்சில் தைத்தது. பாக்கி இருந்தது முற்றத்துக் குழாய் மட்டும். எங்காவது கசிகிற மின்சாரம் குழாயில் ஏறினால் தண்ணீர் பிடிக்கிறவளைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் மண்ணில் இறங்கும் எர்த்துக் கம்பியைக் குழாயோடு இணைக்க வேண்டும். இரும்பு வெளுக்கும்வரை அரத்தால் சுரண்டி, அதன்மேல் செம்புப் பட்டையை முறுக்குவது முறை. சம்பந்தம் இதில் ஒருநாளும் தவறியதில்லை.

இந்த முறை குழாய் முழுவதற்கும் அரக்கு நிறப் பெயின்ட் பூசினார். காய்ந்ததும், துலக்கிய பட்டையை அதன்மேல் அப்படியே முறுக்கினார். அரக்குச் சேலையில் ஜரிகைக் கரை போல மின்னியது. சுரண்டி அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

சோதனை நாளில் இன்ஸ்பெக்டர் மணிப்பெட்டியோடு வந்தார். பெட்டியின் ஒரு கம்பியை எர்த்திலும் மற்றதைக் குழாயின் பித்தளை வாயிலும் வைப்பார். இரண்டும் சேர்ந்திருந்தால் மணி அடிக்கும். ஆராவமுதன் வீட்டுக் குழாய், பட்டையைச் சுற்றிச் சொறி பிடித்தது போலக் கிடந்தது. சம்பந்தம் வாய்க்குள் சிரித்துக்கொண்டார்.

மணி கணீரென்று அடித்தது.

சம்பந்தம் வேலை செய்த வீட்டில் அடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மறுபடி வைத்துப் பார்த்தார்.

"இன்னாபா, உன் வூட்டு மணி ஊமையா?" என்றாள் கமலாட்சியம்மாள்.

இன்ஸ்பெக்டர் பட்டையின் ஓரத்தை நகத்தால் கீறினார். பெயின்ட் உரிந்து வந்தது. "பெயின்ட் மேலயே பட்டை போட்டா மின்சாரம் எப்படி இறங்கும்? சுரண்டிப் போடுங்க, இருக்கேன்."

வேலைதான் முடிந்துவிட்டதே என்று அரத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார் சம்பந்தம். ஆராவமுதன் தம் பையிலிருந்து ஒன்றை நீட்டினார்.

"இந்தாரும் ஓய். வீட்டுக்கு ஓட வேண்டாம்."

வேறு வழியில்லை. வாங்கிச் சுரண்டினார். மணி அடித்தது. ஆனாலும் தறிக்கூடம் ஆராவமுதனுக்குப் போய்விட்டது.

அரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன கை தயங்கியது. தேக்குப் பிடி, வழுக்காமலிருக்க நெருக்கமாக நூல் சுற்றியிருந்தது. உள்ளங்கையில் அப்படியே பொருந்தியது.

"இது எங்க வாங்கனது சாமி?"

"பிடி நானே போட்டதுங்காணும்."

சம்பந்தம் அரத்தைக் கொடுத்துவிட்டு நடந்தார். தறிக்கூடம் போனதையாவது மறந்திருப்பார், அந்தப் பிடியை மறக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் தம் அரத்தை எடுத்து, பழைய பிடியைத் தட்டிக் கழற்றிவிட்டுத் தேக்குத் துண்டு தேட ஆரம்பித்தார்.