சுண்ணாம்புக்கு முன் பிடித்த எலி

பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கராக இருந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஒரு மூடை சுண்ணாம்பு வேண்டுமென்றால் கோரிக்கை எழுதி, தோட்டத்து மேலாளரான துரை கையெழுத்திட்டு, கொழும்புத் தலைமை அலுவலகம் சம்மதித்து, மழைக்காலம் முடிந்த பிறகுதான் வரும். ஆகவே, கேட்காத சுண்ணாம்பு ஒருநாள் லொறியில் வந்து இறங்கியபோது, எதையோ மறைக்கப் போகிறார்கள் என்றே எனக்குப் பட்டது.

பழைய உரக் களஞ்சியத்தைத் துப்புரவாக்கிய தொழிலாளி ஒருவர் காய்ச்சலில் விழுந்து, சிறுநீர் நின்று, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். முதலில் எலிக்காய்ச்சல் என்றார்கள். இரத்தப் பரிசோதனை இல்லையென்றது. கசிப்பு என்ற கள்ளச்சாராயம் குடித்துக் கெட்டார் என்று துரை தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு நிலைத்தால் வேலைப் பதிவில் பேர் வெட்டு. பேரோடு குடியிருக்கும் லயக் காம்பிராவும் போகும். ஆஸ்பத்திரியின் சிங்கள டொக்டருக்கு வேறு சந்தேகம்: எலியின் உடம்பில் அதற்கு ஒரு தொந்தரவும் தராமல் குடியிருந்து, அதன் மூத்திரம் காய்ந்த தூசியோடு மனிதனின் மூச்சில் ஏறும் ஹன்டா என்ற வைரஸ். எலி பிடிக்கத் தோட்டத்துக்கு வருவதாக அறிவித்திருந்தார்.

யார் பார்வையிட வந்தாலும் தோட்டத்தில் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. புகை போட்டார்கள், நஞ்சு வைத்தார்கள், வெள்ளை அடித்தார்கள். லயத்து ஆட்களும் மும்முரமாக உதவினார்கள். போர்க்காலம், தெரியாதவர்கள் வந்து வீட்டுக்குள் பெட்டி வைப்பதை அவர்கள் நம்பவில்லை.

டொக்டர் வந்து இரவில் வைத்த பொறிகளில் காலையில் இரைக்கு வைத்த கருவாடு மட்டுமே இருந்தது. துரை முகத்தில் திருப்தி. அப்போது நோயாளியின் மனைவி, சாக்கு போர்த்திய கம்பிக்கூடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே கொழுத்த எலி, பூரண சுகத்தோடு.

“லொறியப் பாத்ததுமே கூடு வச்சிட்டேங்க. களஞ்சியத்துல புடிச்சது. கிளாக்கரையாதான் சாவி குடுத்தாரு.”

சாவி கேட்பவரிடம் காரணம் கேட்க வேண்டும் என்பது நடைமுறை. அவரிடம் நான் கேட்கவில்லை, தெரிந்தேதான். டொக்டர் என்னைப் பார்த்தார். அவர் சொன்னதைச் சிங்களத்தில் மாற்றிச் சொல்லி, ஆமாம் என்றேன். எலி வெளியிலிருந்து வந்திருக்கலாம் என்றார் துரை, விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல.

சில மாதங்களில் பரிசோதனை முடிவு வந்தது. அந்த எலியின் இரத்தத்திலும் மனிதனின் இரத்தத்திலும் ஒரே வைரஸின் அடையாளம். மெலிந்து வீடு திரும்பியிருந்த கணவரை அழைத்துக்கொண்டு அந்தப் பெண், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு வந்தார். துரை அருகில் இருக்க, என்னிடம்தான் கேட்டார்:

“அப்போ எலியும் கசிப்பு குடிச்சிருச்சாங்களா, கிளாக்கரையா?”

களத்தில் சிரிப்பு அடங்கும்வரை துரை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பேர் கூப்பிடச் சொன்னார். கணவரின் பேரையும் கூப்பிட்டேன்.