ராணி அத்தை ஜீப்புக்கு மாற்றிய ஆக்ஸில்

மண்ணெண்ணெயில் கழுவிய இரும்பின் வாடை மூக்கோடு நிற்காது, நாக்கிலும் ஒட்டும். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், தீபாவளி 'சீசன்' சூடுபிடிக்கும் நேரத்தில், சாத்தூரில் எங்கள் வீட்டு முற்றம் முழுக்க அந்த வாடைதான். ராணி அத்தையின் பழைய ஜீப், பின்சக்கரங்கள் கழற்றப்பட்டு, மரக்கட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த வீட்டில் அடி பொறுக்காமல் திரும்பி வந்தவள். பட்டாசுக் கம்பெனி வேலைக்குத்தான் போவாள் என்று எல்லாரும் நினைத்திருக்க, அவள் சங்கிலியை விற்று, ஏலத்தில் ஒரு ஜீப்பை எடுத்து, தானே ஓட்டப் பழகி, பஸ் போகாத ஊர்களிலிருந்து பெண்களைக் காலையில் கம்பெனிக்குக் கொண்டுபோய் விட்டுச் சாயங்காலம் வீடு சேர்க்கும் பிழைப்பைப் பிடித்துக்கொண்டாள். கரிசல் மண்ணில் மழை விழுந்தால் வேன்கள் அப்படியே புதைந்து நின்றுவிடும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அத்தையின் ஜீப் மட்டும் ஊர்போய்ச் சேரும். அந்த வேலை அவளுக்குக் கிடைத்ததே அதனால்தான்.

அந்த வருடம் பாரம் தாங்காமல் பின்பக்கத்துப் 'பட்டை', அதாவது அடுக்கடுக்காக வளைந்து வண்டியைத் தாங்கும் இரும்புத் தகடுகள், முறிந்துபோனது. கூடவே பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலும் வளைந்துவிட்டது. மெக்கானிக் தங்கையா அண்ணாச்சி விருதுநகரில் பழைய இரும்புக்கடைகளையெல்லாம் அலசி, வேறொரு ஜீப்பில் கிடந்த ஆக்ஸில் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை இறக்கி வைத்ததுமே அவர் முகம் சரியில்லை.

"தங்கச்சி, இதுக்குள்ள பல்லுச் சக்கரத்துல பல்லுக் கணக்கு வேற. ரெண்டு சக்கரத்துல ஓட்டுனா ஒண்ணும் தெரியாது. நாலையும் சேத்துப் போட்டீகன்னா, முன்னாடி சக்கரம் ஒரு வேகம், பின்னாடி ஒரு வேகம். சேத்துக்குள்ள வழுக்கிக்கிட்டுப் போயிரும். தார் ரோட்டுல ஏறுனா ஒண்ணை ஒண்ணு இழுத்து, கியர் பெட்டிக்குப் பின்னாடி இருக்கே, அந்தச் சின்னப் பெட்டி ஒடஞ்சிரும்."

"மழை வந்தா என்னண்ணாச்சி பண்றது?"

"அதுக்குள்ள முன்னாடிக்கும் இதே பல்லுல சோடி பாத்துத் தாரேன்."

அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரோடு வண்டிக்கடியில் போனாள். புதுப் பட்டைகளை ஆக்ஸிலோடு பிணைக்கும் 'யூ போல்ட்'டை அவள் முறுக்கிய முறுக்கில் கழுத்து நரம்பு புடைத்தது. "இதுக்கு அந்த வீட்லயே இருந்திருக்கலாம்" என்று அப்பா சொன்னது வண்டிக்கடியிலும் கேட்டிருக்கும். அத்தை அடுத்த போல்டுக்கு நகர்ந்தாள்.

சோடி கிடைக்கவில்லை. ஐப்பசி மழைதான் முதலில் வந்தது.

இடி இடிக்கத் தொடங்கியதால் கம்பெனியில் வேலையை நிறுத்தி எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாள். முன்சீட்டில் நானும் இருந்தேன். ஓடைக்கரையில் வண்டி புதைந்தது. பெண்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"ராணி, அந்த நாலு சக்கரத்தப் போட்டுப் பாரேன். பிள்ளைக தனியாக் கெடக்கும்" என்றாள் தள்ளிக்கொண்டிருந்த பொன்னுத்தாயக்கா.

நான்கு சக்கரத்தையும் சேர்க்கும் கம்பியை அத்தை பிடித்து இழுத்தாள். ஜீப் உறுமி, சேற்றைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறியது. எல்லாரும் சிரித்துக்கொண்டே ஏறிக்கொண்டார்கள். தார் ரோட்டில் ஏறியதும் அத்தை கம்பியைத் திரும்பத் தள்ளினாள், வரவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்துப் பார்த்தாள், அப்போதும் கம்பி இறுகிப்போய்க் கிடந்தது. மழை வலுத்து இருட்டிக்கொண்டு வந்தது. "மெதுவாப் போயிருவோம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டிக்கடியில் 'டமார்' என்றது.

யாரும் கத்தவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. வண்டி நிற்கும் முன்பே அத்தனை பேரும் வெளியே குதித்து, முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடினார்கள். சிலர் சோளத்துக்குள் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். அத்தை மழையில் நின்று கத்தினாள்: "ஏ, வெடி இல்லடி! வண்டிதான் ஒடஞ்சிருச்சு! வாங்கடி!" வெகுநேரம் யாரும் எழுந்து வரவில்லை. பொன்னுத்தாயக்காவால் எழ முடியவில்லை. ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

அவளைப் பார்க்க அத்தையோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொன்னுத்தாயக்கா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒம்மேல கோவம் இல்ல ராணி. யாருக்கும் இல்ல. ஆனா அந்தச் சத்தத்துக்கப்புறம் அதுல ஏறி உக்கார மனசு வராது."

அப்படியே ஆனது. கம்பெனிக்காரர்கள் வேன் ஏற்பாடு செய்தார்கள். பொங்கல் முடிந்து அண்ணாச்சி முன்பக்கத்துக்குச் சோடியான ஆக்ஸிலோடு வந்து நின்றார். யார் சொல்லியும் கேளாமல் அத்தை அதையும் மாட்டச் சொன்னாள், உடைந்த பெட்டியையும் சரிசெய்தாள். ஜீப் முன்னைவிட நன்றாக ஓடியது. ஒரு வாரம் ஊர் ஊராகப் போய் வெறும் வண்டியோடு திரும்பி வந்தாள். பிறகு அதை விற்றுவிட்டு, அதே கம்பெனியில் திரி வெட்டும் வேலைக்குச் சேர்ந்து, அதே வேனில் போய்வந்தாள். பொன்னுத்தாயக்கா அதற்குப் பிறகு நேராக நடக்கவே இல்லை. அவள் இறந்தும் சில வருடங்கள் ஆகிவிட்டன.

இப்போது அந்த ஊர்களுக்கெல்லாம் சிமெண்டு ரோடு. ஓடைமேல் பாலம். விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. அங்கே ஒரு பெண் ஜீப் ஓட்டினாள் என்றால் இளையவர்கள் நம்புவதில்லை.

சூலக்கரையில் வேலைபார்க்கும் நான் போன மாதம் ஒரு கார் வாங்கி, சாவியை அத்தையிடம் நீட்டினேன். வாங்கி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

"கை மறந்துபோச்சு தாயி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.