புளிப்பொடியும் பகேரியா வீடும்

எலுமிச்சை மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு வீட்டில், கடையில் வாங்கிய புளிப்பொடியைக் கரைத்துக் கொடுத்த ஒரே ஆள் இந்தப் பூமியில் என் அம்மாவாகத்தான் இருப்பார். அதற்கு அவரிடம் நியாயம் இருந்தது. வேலை செய்யும் வீட்டுத் தோட்டத்தில் கேளாமல் ஒரு காயைக்கூடத் தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். கேட்பதற்கோ கூச்சம்.

வீடு சிசிலித் தீவில், பலேர்மோவுக்குப் பக்கத்துப் பகேரியாவில் இருந்தது; அது தொண்ணூறுகளின் தொடக்கம். அங்கே தனியாக இருந்த வயதான வீட்டுக்காரரை, நாங்கள் சினியோரே என்று கூப்பிட்டவரை, அம்மா பராமரித்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாள்களில் பலேர்மோவிலிருந்து என்னையும் ரயிலில் கூட்டிப்போவார். துணைக்கு அல்ல, வாய்க்கு. அம்மாவின் இத்தாலியன், ‘சரி, ஐயா’ என்னும் ‘சி, சினியோரே’யைத் தாண்டாது. எனக்கோ பத்து வயதுக்குள் வகுப்புப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு அந்தப் பாஷை வந்துவிட்டது.

அன்று சினியோரே எலுமிச்சைத் தண்ணீர் கேட்டார். காய்களைப் பறித்துக் குசினியில் வைத்துவிட்டுப் போகும் தோட்டக்காரர் அந்த வாரம் வரவில்லை. அம்மா தன் கைப்பையைத் திறந்து, ஸ்தாசியோனே சென்ட்ராலே என்னும் பலேர்மோ மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தமிழ் ஆட்களின் கடையில் வாங்கியிருந்த சிட்ரிக் அமிலப் பக்கெற்றை எடுத்தார். அம்மாவுக்கு அது புளிப்பொடி. கொஞ்சம் பொடி, நிறையச் சீனி. நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சினியோரே ஒரு மிடறு குடித்தார். குவளையை வைத்துவிட்டு, ஊன்றுகோலோடு எழுந்து குசினிக்கு வந்தார். மேசையில் கிடந்த பக்கெற்றைக் கண்டதும் கத்தத் தொடங்கினார். அந்த மனிதருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். பக்கெற்றை வாசலுக்கு வெளியே வீசினார். இதைக் கொண்டுவருகிறவர் இனி இந்த வீட்டுக்கு வேண்டாம் என்றார்.

“என்னவாம் பிள்ளை? என்னவாம்?”

“இனி வர வேண்டாமாம், அம்மா. இந்தப் பொடியாலதான் தன்ர அப்பா செத்தவராம்.”

அம்மா அதை நஞ்சு என்று நினைத்துவிட்டார். என் வாயைத் திறக்கவைத்து நாக்கைப் பார்த்தார். நான் சாகப்போகிறேன் என்று விளங்கியதும் வீடு அதிர அழுதேன். அடுத்த மாதம் எங்கள் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். குவெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலகத்தில் காட்டுவதற்கு இந்த ஒரு வேலைதான் இருந்தது. இது போனால் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போய்விடும் என்பது எனக்கே தெரியும்.

சினியோரேயை நிறுத்தியது என் அழுகைதான். நஞ்சு இல்லை, ஒன்றும் ஆகாது என்றார். பிறகு கதிரையில் தொப்பென்று உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். அம்மா எப்போதும்போல் சுவரோரம் நின்றார். நான் நடுவில்.

அவருடைய அப்பா விற்றது பழமல்ல, புளிப்பு. எலுமிச்சைச் சாற்றைச் சுண்ணாம்போடு காய்ச்சினால் வெள்ளையாக ஒரு தூள் அடியில் படியுமாம். அதைக் காயவைத்துப் பீப்பாய்களில் அடைத்து, பலேர்மோ துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினாராம். அங்கே அதிலிருந்து இந்தச் சிட்ரிக் அமிலத்தை எடுப்பார்கள். உலகத்துச் சோடாவுக்கெல்லாம் புளிப்பு சிசிலியிலிருந்துதான் போனது. மரம் எங்களிடம், ஆகவே விலையும் எங்கள் கையில் என்று இங்கே எல்லாரும் நிம்மதியாக இருந்தார்களாம். முதல் உலகப் போர் முடிந்து சில வருடங்களில், வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் சீனிப்பாகில் பூஞ்சணம் வளர்த்து அதே அமிலத்தை மலிவாக எடுக்கத் தொடங்கின.

“பூஞ்சணம் சீனியைத் தின்னுதாம், தேசிக்காய்ப் புளி வருதாம்” என்றேன்.

“ஒழுங்காக் கேட்டுச் சொல்லடி. வேலை போற நேரத்தில விளையாடாதை.”

மறுபடி கேட்டேன். பூஞ்சணமேதான். எனக்கும் நம்பிக்கை வரவில்லை. எங்கள் வீட்டுப் பாண் ரொட்டியில் எத்தனையோ தரம் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ஒருநாளும் அது எலுமிச்சை மணம் மணந்ததில்லை.

கப்பல்கள் பீப்பாய்களை ஏற்றாமல் போயின. விலை திரும்பும் என்று அவருடைய அப்பா காத்திருந்தார். காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போய் நிற்பார். அங்கேயே ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சினியோரேக்கு அப்போது, அன்றைய என்னைப்போல, பத்து வயது. யாரும் திருடவில்லை, வீடு தீப்பிடிக்கவில்லை, பிறகு எப்படி எல்லாம் போனது என்று தனக்கு விளங்கவேயில்லை என்றார்.

மரம் நிறையக் காய் இருக்க, அம்மா ஏன் அந்தப் பொடியைக் கரைத்தார் என்று சினியோரே என்னிடம் கேட்டார். கேளாமல் தொடுவது களவு என்று அம்மா நினைக்கிறார் என்றேன்.

துறைமுகக் கதையை நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “ஊரில எங்கட ஐயான்ர வெங்காயமும் இப்பிடித்தான் போனது எண்டு சொல்லு” என்றார், தன் அப்பாவை நினைத்து. “வெளிநாட்டில இருந்து கப்பல்ல மலிவு வெங்காயம் வந்து இறங்கிச்சுது. நாங்கள் கிண்டின வெங்காயம் கொட்டிலுக்கையே அழுகினது. ஐயா கடைசிமட்டும் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தவர், ஏவாரி வருவான் எண்டு.”

அப்படி ஒரு வெங்காயக் கதையை நான் அதற்குமுன் கேட்டதேயில்லை. எலுமிச்சைக்குள் வெங்காயம் எப்படி வந்தது என்று தெரியாமலே அதையும் சொன்னேன். அப்போது, அந்த வீட்டில் ஒருநாளும் உட்கார்ந்திராத என் அம்மா, ஒரு கதிரையை இழுத்துப் போட்டுச் சினியோரேக்கு எதிரே உட்கார்ந்தார்.

சினியோரே என்னைத் தோட்டத்துக்கு அனுப்பினார். இன்றைக்கு நீ பறி, நாளையிலிருந்து உன் அம்மாவே பறிக்கட்டும் என்றார். வேலை போகவில்லை என்ற சந்தோஷத்தில் ஓடிப்போய், கைகொள்ளாமல் பறித்துக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் இருவரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தமிழில், அவர் இத்தாலியனில். ஒருவர் நிறுத்த மற்றவர் தலையாட்டினார். மொழிபெயர்க்க நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பாராமலே கையைக் காட்டி நிறுத்தினார். ஒருவருடைய பாஷை ஒருவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த நான் எலுமிச்சைகளோடு வாசலில் நின்றேன், எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.